பூட்டிய காரும் இரு அமானிதங்களும்

மதுரை மாநகரின் தென்பகுதியில், திருப்பரங்குன்றம் செல்லும் சாலையின் ஓரமாக அமைந்திருக்கும் பழங்காநத்தத்தில் நாம் குடியேறி முப்பது ஆண்டுகள் ஆகின்றன. மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையம் திறக்கப்படுவதற்கு முன்னர், தெற்கே செல்லும் பேருந்துகள் எமது பகுதியிலிருந்த நிலையத்திலிருந்தே புறப்பட்டன. 1911இல் மதுரையில் தோன்றித் தென்னாட்டின் மோட்டார் தொழிலுக்கு வழிகாட்டிய நிறுவனத்தின் பெயரால் வழங்கும் டி.வி.எஸ். நகர் எமக்கு அண்டைப் பகுதி. ஆகவே மோட்டாரின் ஓசையும் எண்ணெயின் மணமும் எமக்குப் புதியவையல்ல. ஆயினும் கார் என்னும் ஊர்தியைப் பற்றி நாம் அறிந்திருந்தது, அதன் கதவைத் திறந்து உள்ளே அமர்வதும், சேருமிடம் வந்ததும் இறங்குவதும் மட்டுமே. இருபத்தாறு ஆண்டுகளாக அரபியும் தமிழும் கற்பித்துவரும் நமக்கு ஒரு மிதிவண்டியும், பின்னர் ஒரு டி.வி.எஸ். 50 வண்டியும் போதுமானவையாக இருந்தன.

அறியாமை குற்றமன்று. ஆனால் அறியாத பொருளைக் கையிலே வாங்கிக்கொண்டு, அறிந்தவரைப்போல் நடந்துகொள்வது குற்றம். அக்குற்றத்தைச் சென்ற ஆண்டின் சித்திரை மாதத்தில் நாம் செய்தோம். அதனை மறைத்துவைப்பதைக் காட்டிலும் எழுதிவைப்பதே பிறருக்குப் பயன்படும் என்று கருதி இதனை எழுதுகின்றோம்.

கம்பத்தில் வாழும் எம் மகள், தன் இரு குழந்தைகளுடன் உறவினர் வீட்டு நிக்காஹுக்காக வந்திருந்தாள். மருமகன் வெளிநாட்டில் பணிபுரிகின்றார். கைக்குழந்தையுடனும் மூன்று வயதுச் சிறுவனுடனும் பேருந்தில் அலைய வேண்டாமே என்று, அண்ணா நகரில் வணிகம் செய்யும் எம் பழைய மாணவர் ஒருவர் தமது காரை இரண்டு நாள்களுக்கு இரவலாகக் கொடுத்தார். எம் இளைய மகன் அதனை ஓட்டினான். திருமங்கலத்தில் வலீமா விருந்தை முடித்துக்கொண்டு வீடு திரும்பியபோது நண்பகல் கடந்திருந்தது. லுஹருடைய ஜமாஅத்துக்கு நேரமாகிவிட்டதென்று மகன் வண்டியை வாசலில் நிறுத்தி, சாவியை எம் கையில் கொடுத்துவிட்டுப் பள்ளிவாசலுக்கு விரைந்தான். மகள் கைக்குழந்தையை ஏந்திக்கொண்டு உள்ளே போனாள். பேரன் பின்னிருக்கையில் உறங்கிக்கொண்டிருந்தான்.

“அத்தா, அவனைத் தூக்கிட்டு வந்துடுவீங்களா?” என்று மகள் கேட்டாள்.

“நீ போம்மா. சாமான்களை இறக்கிவிட்டு அவனையும் தூக்கி வருகிறேன்” என்றோம்.

வண்டியினுள் இருந்த குளிர்ச்சி கலைந்துவிடக் கூடாதென்று கதவுகளையெல்லாம் நாமே சாத்தினோம். டிக்கியைத் திறக்கவேண்டும். சாவியின் தலையில் மூன்று பொத்தான்கள் இருந்தன. எந்தப் பொத்தான் எதற்கென்று அறியோம். ஒன்றை அழுத்தினோம். வண்டியின் விளக்குகள் ஒருமுறை கண் சிமிட்டின. டிக்கி திறக்கவில்லை. வேறொன்றைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தோம். டிக்கி திறந்துகொண்டது. விருந்து வீட்டார் தந்த சோற்றுப் பாத்திரத்தையும் பழக்கூடையையும் இறக்க இரு கைகளும் தேவைப்பட்டன. சாவியை டிக்கியின் ஓரத்தில், துணிப்பையின் மீது வைத்தோம். சாமான்களைத் திண்ணையில் வைத்துவிட்டு வந்து டிக்கியை ஓங்கிச் சாத்தினோம்.

சாவி உள்ளே, சிறுவனும் உள்ளே. நாம் முதலில் அழுத்திய பொத்தான் நான்கு கதவுகளையும் பூட்டும் பொத்தான் என்பதைக் கதவின் கைப்பிடியை இழுத்தபோதுதான் அறிந்தோம்.

அதன்பின் நிகழ்ந்தவற்றை விரைவாகச் சொல்லிவிட முடியும். ஆனால் அன்று அவை விரைவாக நிகழவில்லை. மகனுக்குத் தொலைபேசியில் அழைத்தோம். தொழுகையில் நிற்பவன் எப்படி எடுப்பான்? சிறுவன் விழித்துக்கொண்டான். கண்ணாடிக்கு வெளியே நம்மைக் கண்டதும் முதலில் சிரித்தான். பின்னர்க் கதவின் பிடியை இழுத்துப் பார்த்தான். குழந்தைகள் ஓடும் வண்டியின் கதவைத் திறந்துவிடாமல் இருப்பதற்காகப் பின்கதவுகளில் அமைக்கப்படும் சைல்டு லாக் என்னும் சிறுவர் பூட்டு போடப்பட்டிருந்தது. உள்ளிருந்து எத்தனை முறை இழுத்தாலும் அது திறவாது. முன்னிருக்கைக்குத் தாவி வா என்று கையால் காட்டினோம். அவனுக்குப் புரியவில்லை. அழத் தொடங்கினான். கண்ணாடியைக் கடந்து வந்த அந்த அழுகை, தொலைவிலிருந்து வருவதுபோல் மெலிந்து கேட்டது.

ஒரு செங்கல்லை எடுத்துக் கண்ணாடியை உடைத்திருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். நாம் உடைக்கவில்லை. ஏன் உடைக்கவில்லை என்பதற்கு அன்று மனத்தில் ஓடிய காரணங்களை ஒளிக்காமல் சொல்லவேண்டும்.

முதலாவது, அது இரவல் பொருள். இரவலை அரபியில் ஆரியத் என்பர். நாம் வகுப்பில் அதற்கென்றே ஒரு பாடம் நடத்துகின்றோம். ஷாஃபிஈ மத்ஹபின்படி, அனுமதித்த பயன்பாட்டில் இயல்பாகத் தேய்வதைத் தவிர்த்து, இரவல் பொருள் அழிந்தால் வாங்கியவர் ஈடு செய்யவேண்டும். ஹனஃபி மத்ஹபின்படி அது அமானிதம். வாங்கியவர் வரம்பு மீறினாலோ கவனக்குறைவாக இருந்தாலோ மட்டுமே ஈடு செய்யவேண்டும். பிறர் காரின் கண்ணாடியை நாமே உடைப்பது வரம்பு மீறல் ஆகாதா? வாசகர்கள் நகைக்கலாம். பேரன் வியர்வையில் நனைந்து அழுதுகொண்டிருந்தபோது, அவனுடைய நன்னா இருமத்ஹபுகளின் கருத்து வேற்றுமையை எண்ணிக்கொண்டிருந்தார்!

இரண்டாவது, உடையும் கண்ணாடி சிறுவனின் மேல் தெறித்துவிடுமோ என்னும் அச்சம்.

மூன்றாவது காரணத்தைக் கூறவும் கூசுகின்றது. தெரு கூடிவிடும். எமக்கு ஒரு பொத்தானை அழுத்தத் தெரியவில்லை என்பதை எல்லோரும் அறிவர். மகன் தொழுதுவிட்டு வரும்வரை, ஐந்து நிமிடம்தானே, பொறுத்தால் இது வெளியே தெரியாமல் போய்விடும் என்று உள்ளத்தின் ஒரு மூலை சொல்லிற்று. ஆசிரியர் என்னும் பெயருக்குள் ஒளிந்திருக்கும் அகந்தை அவ்வளவு மெல்லிய குரலில் பேசும்.

எதிர்வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்கும் அம்மையார் வெளியே வந்தார். நிலைமையைப் பார்த்தார்.

“என்ன பாய் யோசிச்சுக்கிட்டு நிக்கிறீங்க? பிள்ளை முகம் செவந்து போச்சு. கண்ணாடி போனா வாங்கிக்கலாம்” என்றவர், எம் மறுமொழிக்குக் காத்திராமல் தெருமுனையிலிருந்த ஆட்டோ நிறுத்தத்தை நோக்கிக் குரல் கொடுத்தார்.

ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் சக்கரம் கழற்றும் ஸ்பேனருடன் ஓடிவந்தார். சிறுவன் பின்னால் வலப்புறம் இருப்பதைப் பார்த்துக்கொண்டார். முன்புறம் இடப்பக்கக் கண்ணாடிக்குச் சென்று, தம் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு, கண்ணாடியின் நடுவில் அன்று, கீழ் மூலையில் ஓங்கி ஓர் அடி அடித்தார். கண்ணாடி கற்கண்டு போல் பொடிந்து உதிர்ந்தது. கையை உள்ளே விட்டுப் பிடியை இழுத்துக் கதவைத் திறந்தார். உடனே வண்டி அலறத் தொடங்கிற்று. விளக்குகள் மின்னின, ஹாரன் விடாமல் முழங்கிற்று. மூன்று வயது உயிரொன்று உள்ளே வெந்துகொண்டிருந்தபோது வாய் திறவாதிருந்த அலாரம், அதனை மீட்க வந்தவரைக் கள்வர் என்று கருதிக் கூவிற்று.

சிறுவனைத் தூக்கியபோது அவன் சட்டை பிழியும்படி நனைந்திருந்தது. அம்மையார் அவன் மேலாடையைக் களைந்து, ஈரத்துணியால் உடம்பைத் துடைத்து, சிறிது சிறிதாகத் தண்ணீர் புகட்டினார். அருகிலிருந்த மருத்துவரிடம் தூக்கிச் சென்றோம். அவர் சோதித்துப் பார்த்து, “தீங்கில்லை. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்” என்றார். அல்ஹம்துலில்லாஹ். பூட்டியதற்கும் உடைத்ததற்கும் இடையே ஏறத்தாழப் பன்னிரண்டு நிமிடங்கள். அவற்றுள் உதவிக்கு ஓடிய நிமிடங்கள் சில. நாம் யோசித்து நின்ற நிமிடங்கள் பல.

அன்று மாலை காரின் உரிமையாளரான மாணவரை அழைத்து நடந்ததைச் சொன்னோம். அவர் கண்ணாடியைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. “ஹஜ்ரத், நிர்ப்பந்தம் வந்தால் விலக்கப்பட்டதும் ஆகுமாகிவிடும் என்று நீங்கள்தானே எங்களுக்கு ஓதிக்கொடுத்தீர்கள்?” என்றார். நாம் தலைகுனிந்தோம். பிக்ஹுக் கலையின் அடிப்படை விதிகளுள் அதுவும் ஒன்று. 1869 முதல் 1876 வரை உஸ்மானியப் பேரரசில் தொகுக்கப்பெற்ற மஜல்லா என்னும் சட்ட நூலின் தொடக்கத்தில் இடம்பெற்றுள்ள விதிகளை ஆண்டுதோறும் நாம் விளக்கிவருகின்றோம். பாலைவனத்தில் பசியால் மடிபவர் பிறர் உணவை எடுத்துண்பதையே எப்போதும் எடுத்துக்காட்டாகக் கூறுவோம். அவ்விதி பாலைவனத்திலிருந்து புறப்பட்டுப் பழங்காநத்தத்தில் எம் வாசலுக்கு வந்து நின்றபோது அதனை நாம் அடையாளம் காணவில்லை.

அதே தொகுப்பில் அதற்குத் துணையான மற்றொரு விதியும் உண்டு. நிர்ப்பந்தம் ஒருவரைக் குற்றத்திலிருந்து விடுவிக்குமேயன்றி, பிறருடைய உரிமையை அழித்துவிடாது என்பது அதன் கருத்து. பசித்தவர் பிறர் உணவை உண்ணலாம், ஆனால் பின்னர் விலையைக் கொடுக்கவேண்டும். இதனைச் சொல்லிக் கண்ணாடிக்குரிய தொகையை ஏற்றுக்கொள்ளுமாறு மாணவரை வற்புறுத்தினோம். அவர் மறுத்தார். “முதல் விதியை நீர் எமக்கு நினைவூட்டினீர். இரண்டாம் விதியையாவது நாம் நினைவில் வைத்திருக்க விடும்” என்றோம். சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டார்.

இரண்டு அமானிதங்கள் அன்று எம்மிடம் இருந்தன. ஒன்று மாணவர் தந்த கார். மற்றொன்று இறைவன் தந்த குழந்தை. இரண்டும் ஒன்றோடொன்று மோதும்போது எது பெரிது என்று கேட்டால் சிறு குழந்தையும் விடை சொல்லும். ஆனால் அந்த விடை கையில் வந்து வேலை செய்வதற்கு, பொருளைப் பற்றிய அறிவும் வேண்டும். கண்ணாடி எவ்வாறு உடையும் என்பது ஆட்டோ ஓட்டுநருக்குத் தெரிந்திருந்தது. எமக்குத் தெரியவில்லை. எமது அச்சத்தில் பாதி, அறியாமையின் விளைவு.

எனவே வண்டியைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன், அதனுடன் வந்த கையேட்டை எடுத்துவைத்துக்கொண்டு ஒரு நூலைப் பாடம் கேட்பதுபோல் படித்தோம். புரியாத இடங்களை ஒரு பணிமனை மெக்கானிக்கிடம் கேட்டுத் தெளிந்தோம். ஐம்பது வயதுக்கு மேல் அவர் எமக்கு உஸ்தாது ஆனார். அறிந்தவற்றை எம்மைப் போன்றோர்க்காக இங்கே தருகின்றோம்.

இன்றைய கார்களில் சென்டர் லாக் என்னும் ஒருங்கு பூட்டு இருக்கின்றது. ஒவ்வொரு கதவினுள்ளும் ஒரு சிறு மோட்டார் உண்டு. ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லாக் கதவுகளும் ஒருசேரப் பூட்டிக்கொள்ளும். டிக்கிக்குப் பெரும்பாலும் தனிப் பொத்தான். அதனை அழுத்திப் பிடித்தால், கதவுகள் பூட்டியிருக்கும்போதே டிக்கி மட்டும் திறக்கும், சாத்தியதும் தானே பூட்டிக்கொள்ளும். எம்மை வீழ்த்தியது இதுவே. பூட்டைத் திறந்தபின் அரை நிமிட அளவில் எந்தக் கதவையும் திறக்காவிட்டால், மறந்துவிட்டார் போலும் என்று கருதித் தானே மீண்டும் பூட்டிக்கொள்ளும் வண்டிகளும் பல உண்டு. சாவி உள்ளே இருப்பதை உணர்ந்து பூட்ட மறுக்கும் புதுவகை வண்டிகளும் இருக்கின்றன. ஆனால் எல்லா வண்டிக்கும் அந்த உணர்வு உண்டென்று நம்பக் கூடாது. சாவியை டிக்கியினுள் கீழே வைப்பதே இல்லை என்று பழகிக்கொள்வதே நலம்.

சாவியின் தலையிலிருந்து செல்வது ஒரு வானொலிச் செய்தி. ஒவ்வொரு முறையும் அது புதியதோர் எண்ணைச் சொல்லும். வண்டி அடுத்து வரவேண்டிய எண்ணை அறிந்து ஏற்கும். நேற்றைய எண்ணை ஒருவர் ஒட்டுக்கேட்டு வைத்திருந்தாலும் இன்று அது செல்லாது. இதுவன்றி, எஞ்சினைக் காக்கும் வேறோர் ஏற்பாடும் உண்டு. சாவியின் தலையில் புதைந்திருக்கும் நுண்சில்லு தன் அடையாளத்தைச் சொன்னாலன்றி எஞ்சின் உயிர்பெறாது. அதனால்தான் அச்சு அசலாக வெட்டிய போலிச் சாவி கதவைத் திறந்தாலும் வண்டியை ஓட்ட உதவுவதில்லை. சட்டைப்பையில் இருந்தாலே கதவைத் திறக்க உதவும் சாவிகளில் வேறோர் இடர் உண்டு. வீட்டினுள் இருக்கும் சாவியின் அலையைக் கருவியொன்றால் வாங்கி, வாசலில் நிற்கும் வண்டிக்கு எட்டச் செய்து திருடும் வழியைக் கள்வர் கண்டுபிடித்துள்ளனர். அத்தகைய சாவியைத் தலைவாசலருகே மாட்டாமல், மூடியுள்ள தகரப் பெட்டியில் இட்டுவைத்தால் அலை வெளியே செல்வது தடைப்படும்.

சாவியிலுள்ள வட்டப் பேட்டரி தீர்ந்துவிட்டால் கலங்க வேண்டியதில்லை. பொத்தானை அழுத்தி ஓட்டும் வண்டிகளின் சாவிக்குள்ளேயே உலோகச் சாவியொன்று ஒளிந்திருக்கும். அதனை உருவி ஓட்டுநர் கதவைத் திறக்கலாம். ரிமோட்டால் பூட்டிய வண்டியை இவ்வாறு உலோகச் சாவியால் திறந்தால் சில வண்டிகளில் அலாரம் கூவும். அஞ்சாமல் சாவியின் திறக்கும் பொத்தானை அழுத்தினாலோ, வண்டியைக் கிளப்பினாலோ ஓய்ந்துவிடும்.

கண்ணாடிகளுள்ளும் இருவகை உண்டு. முன்புறப் பெருங்கண்ணாடி, இரு கண்ணாடிகளுக்கு நடுவே ஒரு மென்படலம் வைத்து ஒட்டப்பட்டது. அது விரிசல் விடுமேயன்றி வழிவிடாது. பக்கக் கண்ணாடிகள் பெரும்பாலும் சூடேற்றி விரைந்து குளிர்வித்து இறுக்கப்பட்டவை. நடுவில் தாக்கினால் தாங்கும், மூலையில் கூர்மையாகத் தாக்கினால் சிறு சிறு மணிகளாக உதிர்ந்துவிடும். குழந்தைக்கு மிகத் தொலைவான பக்கக் கண்ணாடியைத் தேர்ந்து, மூலையில் தாக்குவதே முறை. 112 என்னும் அவசர எண்ணையும், 101 என்னும் தீயணைப்பு எண்ணையும் அழைக்கலாம். ஆனால் குழந்தை வாடிவிட்டால் அவர்கள் வரும்வரை காத்திருத்தல் தகாது.

காத்திருக்கலாகாது என்பதற்குக் கணக்கு உண்டு. 2005இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டனர். வெளியே 22 முதல் 36 டிகிரி வரை வெப்பம் இருந்த நாள்களில், வெயிலில் மூடி நிறுத்திய காரினுள் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி வெப்பம் கூடுதலாக ஏறியது. அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணியிலேயே ஏறிவிட்டது. கண்ணாடியைச் சிறிது இறக்கிவைத்தபோதும் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. மதுரையின் சித்திரை வெயிலோ அந்நாள்களைக் காட்டிலும் கொடியது. சிறு குழந்தையின் உடல் பெரியவர் உடலைவிடப் பன்மடங்கு விரைவாகச் சூடேறும் என்றும் மருத்துவர் கூறுவர்.

இது ஏட்டுக் கணக்கன்று. 2017 ஜூனில் ஹரியானாவின் குருகிராம் மாவட்டத்தில் இரட்டைப் பிறவிகளான இரு சிறுமியர் நிறுத்தியிருந்த காரினுள் சிக்கி உயிரிழந்தனர். 2025 மே மாதத்தில் ஆந்திரத்தின் விஜயநகரம் மாவட்டத்துத் துவாரபூடி என்னும் சிற்றூரில், விளையாடச் சென்ற நான்கு குழந்தைகள் காரினுள் ஏறிக் கதவு பூட்டிக்கொள்ள, அங்கேயே மூச்சடங்கினர். அச்செய்திகளை நாமும் நாளிதழில் படித்து, இன்னாலில்லாஹி என்று சொல்லிப் பக்கத்தைப் புரட்டியவர்களே. அவை எமக்கு வந்த எச்சரிக்கை என்று கொள்ளவில்லை. நிற்கும் வண்டியைப் பூட்டாமல் விட்டால் கள்வருக்கு மட்டுமன்று, ஒளிந்து விளையாடும் குழந்தைக்கும் அது திறந்த வாசல்.

டிக்கியின் கதையும் இத்தகையதே. 1998 கோடையில் அமெரிக்காவில் மூன்று நிகழ்ச்சிகளில் பதினொரு குழந்தைகள் டிக்கியினுள் அகப்பட்டு மாண்டனர். அதன் பின்னரே, டிக்கியை உள்ளிருந்து திறக்கும் கைப்பிடி 2001 செப்டம்பர் முதல் அந்நாட்டுப் புதிய கார்களில் கட்டாயமாயிற்று. இருளிலும் ஒளிரும் பொருளால் அதனைச் செய்கின்றனர். நம் நாட்டுக் கார்களில் அது எல்லாவற்றிலும் இருக்கும் என்று எண்ணிவிடலாகாது. நம் நாட்டிலும் சில நன்மைகள் நடந்துள்ளன. 2012இல் உச்ச நீதிமன்றம் கார்க் கண்ணாடிகளில் கருநிறத் தாள் ஒட்டுவதைத் தடை செய்தது. குற்றங்களைத் தடுப்பதே அதன் நோக்கம். எனினும் எதிர்வீட்டு அம்மையார் தெருவைக் கடந்து வரும்போதே சிறுவனின் முகம் சிவந்ததைக் கண்டது, கண்ணாடி தெளிவாக இருந்ததனால்தான். 2019 ஜூலை முதல் வாடகைக் கார்களாகப் பதிவாகும் வண்டிகளில் சிறுவர் பூட்டு இருக்கக் கூடாதென்று மத்திய அரசு விதித்தது, தனித்துப் பயணம் செய்யும் பெண்களின் பாதுகாப்பைக் கருதியே. ஒரே பூட்டு குழந்தையைக் காக்கவும் செய்யும், பெண்ணைச் சிறைப்படுத்தவும் செய்யும்.

பூட்டு எமக்குப் புதிதன்று. எமது இளமையில் பாட்டனார் வீட்டில் தேக்குமரப் பெட்டி ஒன்று இருந்தது. சாவியைத் திருப்பும்போதெல்லாம் அதனுள் மணியோசை எழும். எவர் திறந்தாலும் அடுக்களையிலிருந்த பாட்டியாருக்குத் தெரிந்துவிடும். இன்றைய அலாரத்தின் மூதாதை அதுவே. வாசற்கதவில் தொங்கியது திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு. கையால் செய்யப்படும் அப்பூட்டுகளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது, பழைய நண்பரொருவர் பட்டம் பெற்றதுபோல் மகிழ்ந்தோம். பூட்டுக் கலையில் முன்னோர் செய்த அருமுயற்சிகளும் உண்டு. 1206இல் அல்ஜஸரீ என்னும் பொறியறிஞர், தியார்பக்ர் அரசவையில் எழுதி முடித்த தமது பொறிநூலில், நான்கு எழுத்து வட்டங்களைச் சரியாகத் திருப்பினாலன்றித் திறவாத பூட்டு ஒன்றனைப் படம் வரைந்து விளக்கியுள்ளார். எண்ணை மாற்றி மாற்றிச் சொல்லும் இன்றைய சாவிக்கும் அவ்வட்டங்களுக்கும் உறவு இல்லாமலில்லை.

சாவி என்பது போர்த்துக்கீசியர் நமக்குத் தந்த சொல். அதற்கு முன் தமிழர் வழங்கியது திறவுகோல். அரபியில் மிஃப்தாஹ். திறத்தல் எனப் பொருள்படும் ஃபத்ஹ் என்னும் வேரிலிருந்து அது பிறந்தது. தமிழும் அரபியும் அக்கருவியைத் திறப்பதற்கு உரியதென்றே பெயரிட்டன. பூட்டுவதற்குரியது என்று இரு மொழியும் பெயரிடவில்லை. இதனை வகுப்பில் பன்முறை நயமாக எடுத்துரைத்த நாமே, திறவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு பூட்டிவிட்டோம்.

சாவியைப் பற்றி எண்ணும்போது கஅபாவின் சாவி நினைவுக்கு வராமலிராது. ஹிஜ்ரி 8இல், அதாவது 630இல், மக்கா வெற்றிகொள்ளப்பட்ட நாளில், நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் கஅபாவின் சாவியை வாங்கித் திறந்தபின், அதனை உஸ்மான் இப்னு தல்ஹா ரலியல்லாஹு அன்ஹு அவர்களிடமே திருப்பிக் கொடுத்தார்கள். அமானிதங்களை உரியவரிடம் சேர்க்குமாறு பணிக்கும் இறைவசனத்துக்கு இந்நிகழ்ச்சியையே விரிவுரையாளர்கள் பின்னணியாகக் காட்டுவர். இன்றும் அக்குலத்தாரிடமே அச்சாவி இருந்துவருகின்றது. சாவியை வாங்குபவர், அதனுடன் அதன் பின்னாலுள்ள அனைத்துக்கும் பொறுப்பேற்கின்றார் என்பது இதனால் விளங்கும்.

இப்போது எமது இல்லத்தில் ஒரு வழக்கம் ஏற்பட்டுள்ளது. எவருடைய வண்டியில் வந்தாலும், இறங்குகையில் முதலில் குழந்தைகள், பிறகு சாவி, கடைசியில் சாமான்கள். வண்டியை விட்டு நகருமுன் ஒருமுறை பின்னிருக்கையைப் பார்த்தாக வேண்டும். மாற்றுச் சாவி எவரிடம் இருக்கின்றதென்று கேட்டு வைத்துக்கொள்ளவேண்டும். பேரனுக்கும், அகப்பட்டுக்கொண்டால் முன்னிருக்கைக்குத் தாவிக் கதவைத் திறக்கவும், ஹாரனை விடாமல் அழுத்தவும் பழக்கியிருக்கின்றோம். கம்பத்திலிருந்து வந்த ஒவ்வொரு முறையும் அவன் அந்த ஹாரனை அழுத்திக் காட்டித் தெருவையே எழுப்பிவிடுகின்றான். நாம் தடுப்பதில்லை.

எதிர்வீட்டு அம்மையாருக்கு நன்றி சொல்லச் சென்றபோது, “இதுக்கெல்லாம் எதுக்கு பாய்?” என்று சொல்லி ஒரு தூக்கில் மாவை நிரப்பித் தந்துவிட்டார். ஆட்டோ ஓட்டுநரோ, அன்று கண்ணாடிச் சில்லு கீறிய தம் விரலைக் காட்டவுமில்லை. அடுத்த வாரம் அவர் கைக்கட்டைக் கண்டே நாம் அறிந்தோம். அவர் எங்கும் பாடம் ஓதியவரல்லர். எந்த விதியும் அறியார். எமக்குப் பன்னிரண்டு நிமிடத்தில் விளங்காதது, அவருக்கு ஓடிவந்த கணத்தில் விளங்கியிருந்தது.

இவ்வாண்டு அந்தப் பிக்ஹு விதியை வகுப்பில் விளக்கும் நாள் வந்தது. வழக்கம்போல் பாலைவனத்தைச் சொல்லத் தொடங்கி, நிறுத்திக்கொண்டோம். பூட்டிய காரையும், உள்ளே அழுத சிறுவனையும், வெளியே யோசித்து நின்ற ஆசிரியரையும் மாணவர்களுக்குச் சொன்னோம். அந்த ஆசிரியர் யாரென்று ஒரு மாணவர் கேட்டார். மறைக்காமல் சொன்னோம்.